முன்சக்கரப் பேரிங்கும் உள்ளங்கைக் கிரீஸும்: பிள்ளையார்பாளையத்தை முன்வைத்து ஒரு பேராய்வு

1. ஆய்வின் தேவை

காஞ்சிபுரம் ஆய்வாளர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். பல்லவர் கல்வெட்டு, ஆழ்வார் பாசுரம், கோயில் இட்லி என்று எதைத் தொட்டாலும் நமக்கு முன்பே ஒருவர் கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். கைலாசநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள பிள்ளையார்பாளையத்துக்கும் அந்தக் கொடுப்பினை உண்டு. கோர்வை, பேட்டு, ஜரிகை, பாவு என்று அதன் தறிகளைப் பற்றி எழுதப்பட்ட தாள்களைக் கொட்டினால் ஒரு தறிக்குழி நிரம்பிவிடும். ஆனால் அதே பேட்டையின் தெருமுனையில், பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று முன்சக்கரம் கழன்று ஜாக்கிமேல் சாய்ந்து நிற்பதை அறிவுலகம் ஏறிட்டும் பார்க்கவில்லை. இது அலட்சியமா, சட்டையில் கறை படியும் என்ற அச்சமா என்பது தனி ஆய்வுக்குரியது.

காஞ்சியில் கல்விமான்களுக்கும் வாகன ஓட்டிகளுக்கும் ஆகாது என்பதற்குப் பழைய சான்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் இங்குள்ள கடிகைக்குப் படிக்க வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு முற்றி, படிப்பை விட்டு வாளெடுத்துக் கதம்ப அரசையே நிறுவினான் என்கிறது தாளகுண்டா கல்வெட்டு. ஊரின் முதல் போக்குவரத்துத் தகராறு இதுதான் என்று துணியலாம். சக்கரம் சம்பந்தப்படாததால் இவ்வழக்கை இவ்வாய்வு ஏற்கவில்லை.

2. முன்னோர் சொன்னவையும் சொல்லாமல் விட்டவையும்

சக்கரத்தைத் தமிழ்ப் புலவர்கள் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளுவர் அச்சாணியைப் பற்றி ஒரு குறளும், மயிற்பீலியைக்கூட அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று ஒரு குறளும் எழுதினார். பின்னதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் மாட்டிவைக்கலாம். புறநானூற்றில் ஔவையார் ஒரு படி மேலே போகிறார். உப்பு விற்கப் போகும் உமணர்கள், மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதை அவர் பாடியிருக்கிறார். ஸ்டெப்னி இல்லாமல் மாமல்லபுரம்வரை போய்விட்டு நடுவழியில் கைபேசியைத் தேடுகிறவர்கள் இந்தப் பாட்டைப் படிப்பது நல்லது.

ஆணி இருக்கிறது, அச்சு இருக்கிறது, உபரி அச்சும் இருக்கிறது. மசகு இல்லை. இந்த மூன்று இடத்திலும் ஒரு துளி எண்ணெய்கூடச் சிந்தவில்லை. மாட்டுவண்டி ஓட்டியவர்கள்தான் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து, வண்டிக்கடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டால் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, குச்சியால் மையைத் தீற்றிவிட்டு மேற்கொண்டு போவார்கள். மேல்துண்டில் ஒட்டிய மை ஆயுள் முழுக்கப் போகாது.

எகிப்தில் இது ஓவியத்திலேயே ஏறிவிட்டது. கி.மு. 1900-ஐ ஒட்டிய ஜெஹுதிஹோதெப் கல்லறையில், 172 பேர் ஒரு பெருஞ்சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் முன்னால் மணலில் எதையோ ஊற்றுகிறான். மணலில் அளவாகத் தண்ணீர் கலந்தால் இழுக்கத் தேவையான விசை பாதியாகும் என்று 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். மணலும் தண்ணீரும் சறுக்குப் பலகைக்கு ஆகும். பாலாற்று மணலும் வேகவதித் தண்ணீரும் முன்சக்கர ஹப்புக்குள் போனால் ஆகாது.

3. நெசவாலை தந்த கொடை

பேரிங்குக்கும் நெசவுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளையார்பாளையத்தில் யாராவது கேட்டால் அவருக்குச் சுவீடனைக் காட்ட வேண்டும். கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலை. ஆலைக் கட்டடம் நின்றது களிமண் தரையில். தரை அசைய அசைய, கூரையை ஒட்டி ஓடிய நீளமான சுழல்தண்டுகள் கோணின, பேரிங்குகள் சூடேறி இறுகின, தறிகள் நின்றன. அங்கே பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், தண்டு சற்றுக் கோணினாலும் தானே இணங்கிக்கொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை உருவாக்கி 1907-ல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பிறந்ததுதான் எஸ்கேஎஃப் நிறுவனம். அதன் மடியில் வளர்ந்த வோல்வோ 1927-ல் தன் முதல் காரை உருட்டிவிட்டது. ஆகவே, தறி நிற்கக்கூடாது என்று நெசவாலைப் பொறியாளர் ஒருவர் கவலைப்பட்டதில் உலக வாகனத் தொழிலுக்கே ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. பிள்ளையார்பாளையம் இதற்கு ராயல்டி கேட்கலாமா என்பதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

முன்சக்கரத்தில் உட்காருவது குண்டு பேரிங் அன்று, கூம்பு உருளை பேரிங். செயின்ட் லூயிஸில் கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், ரெஜினால்டு ஹைன்செல்மனுடன் சேர்ந்து 1898-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வண்டி நேரே போகும்போது பாரம் மேலிருந்து அமுக்குகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கூம்பு உருளை இரண்டையும் தாங்கும். அதனால்தான் ஒவ்வொரு ஹப்பிலும் எதிரெதிராக இரண்டு கூம்பு பேரிங்குகளை வைக்கிறார்கள்.

4. ஆய்வுக்களம்

இந்தக் களத்தில் கடுமையான விதி ஒன்று உண்டு: பட்டும் கிரீஸும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக்கூடாது. காலை வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவிச் சீராக்கும் வேலை நடக்கும். அந்த நேரத்தில் கறுத்த கையோடு ஒருவர் அந்தப் பக்கம் நடந்தால், இரு திண்ணைகளிலிருந்தும் ஒரே குரல் எழும்: “தம்பி, கைய பின்னாடி கட்டிக்கினு போ.” கிரீஸ் கறை பட்ட முகூர்த்தப் புடவையை எந்தக் கல்யாண வீடும் வாங்காது.

எனவே பேரிங் வேலை பாவு சுருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. சமதரையான இந்த ஊரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எதற்கு என்ற கேள்விக்கு உரிமையாளர்கள் தரும் விடைகளில் ஆற்று மணல், மழைக்காலச் சேறு, மாமனார் கொடுத்தது ஆகியவை அடங்கும். மூன்றாவது விடையை மேலும் துருவ ஆய்வு நெறி இடம் தரவில்லை.

5. செய்முறை

பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது முதல் சடங்கு. ஆண்டுதோறும் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்க்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாக்கி ஏற்றி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றியதும் உண்மையான ஃபோர் வீல் டிரைவ் எதிரே வந்து நிற்கிறது. சாதாரண வண்டியில் முன்னச்சின் நுனியில் ஒரே ஒரு நட்டும், அதைப் பூட்ட ஒரு காட்டர் பின்னும் இருக்கும். இங்கே அச்சின் உள்ளே துளையிட்டு அதன் வழியே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் வருகிறது. ஹப் மூடியையும் சர்க்ளிப்பையும் எடுத்தால் வெளி நட்டு, அதற்குப் பின்னால் மடக்கிய லாக் வாஷர், அதற்கும் பின்னால் உள் நட்டு. இவற்றுக்கென்று தனி பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. ஆனால் களத்தில் பெரிதும் புழங்கும் கருவி உளியும் சுத்தியலும்தான். உளி பட்ட நட்டின் விளிம்பைப் பார்த்தால் முந்தைய மெக்கானிக்கின் மனநிலையைத் துல்லியமாகக் கணிக்கலாம்.

டிரம்மோடு ஹப்பை இழுத்ததும் வெளிப் பேரிங் தானாக வந்து கையில் விழும். உள் பேரிங்கைப் பின்னாலுள்ள ஆயில் சீல் பிடித்துவைத்திருக்கும். சீலைப் பெயர்த்தெடுத்தால் அது செத்த மாதிரிதான், திரும்பப் போடக்கூடாது. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தவை. உருளைகள் ஓடும் வெளிவளையமான கப்பின் உட்பக்கம் சிறு பள்ளங்கள் இருந்தால் உலோகம் உதிரத் தொடங்கிவிட்டது. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஹப் திடீரென்று வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பேரிங்கை மாற்றினால் ஹப்புக்குள் அடித்து உட்கார்த்திய கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டி இறக்குவார்கள். தட்டுக்குத் தட்டு ஓசை மாறும். கப் அடியில் உட்கார்ந்ததும் ஓசை கெட்டியாகிவிடும்.

இனி இவ்வாய்வின் கருவறை: உள்ளங்கை. இடது உள்ளங்கையில் ஓர் எலுமிச்சையளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழுபோல நெளிந்து வரும்வரை விடக்கூடாது. பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம்; முழுச் சுற்றும் அப்படியே. கிரீஸ் என்பது பெரும்பகுதி எண்ணெய். அதைப் பிடித்துவைத்திருப்பது சோப்பு. 1942-ல் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற லித்தியம் சோப்புக் கிரீஸின் வழித்தோன்றல்களே இன்று சக்கரங்களில் பெரும்பாலும் போகின்றன. வேறு வகைச் சோப்பில் செய்ததை இதோடு கலந்தால் சில சமயம் இரண்டும் இளகி ஓடிவிடும். ஹப் முழுவதும் அடைத்துத் திணிப்பதும் தவறு. கடைந்து கடைந்தே சூடேறும்.

கடைசியில் உள் நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது இலேசாகப் பிடிக்கும்வரை முடுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும் என்பது பழைய வில்லிஸ் ஜீப்பின் முறை. பாவு இழுக்கிற கைக்கு இது புதிதில்லை: கூடினால் இழை அறும், குறைந்தால் நெசவு தொய்யும். இங்கே கூடினால் பேரிங் வேகும், குறைந்தால் சக்கரம் ஆடும்.

6. ‘இன்னும் ஓடும்’ கோட்பாடு

பேரிங் ஏன் கெடுகிறது என்பதற்குப் பாரம், தண்ணீர், மணல், தேய்மானம் என்று காரணங்கள் சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. மெக்கானிக்குக்கும் உரிமையாளருக்கும் நடக்கும் பேச்சு இந்த வடிவில்தான் இருக்கும்:

“இன்னா சத்தம்ணா இது?”

“டயர் சத்தம்பா. இன்னும் ஓடும்.”

பேரிங் முனகலாகத் தொடங்கி, வேகம் கூடக்கூட இரைச்சலாகும். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பாரம் இடப்பக்கம் சாய்கிறது என்று பொருள்; கெட்டது இடது பேரிங். வண்டியைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னால், ஆட்டம் நின்றுவிடுமானால் குற்றவாளி பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம்வலம் திரும்பும் முளையான கிங்பின். இத்தனை எளிய சோதனைகள் இருந்தும், உரிமையாளர்கள் விரும்பும் சிகிச்சை பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது. அது உடனடி நிவாரணம் தருகிறது என்பதை இவ்வாய்வு மறுக்கவில்லை.

எதிர்வாதமும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகளும் உருவாகின்றன. இன்றைய கார்களில் பேரிங் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி மூடி வரும் ஒற்றைப் பொதி. கெட்டால் முழுதாகக் கழற்றி எறிந்து வேறு பூட்டுவது. உள்ளங்கைக்கு வேலையே இல்லை. இதை முன்னேற்றம் என்பவர்கள் உண்டு. மாதக் கடைசியில் அந்தப் பொதியின் விலையைக் கேட்டவர்கள் அவர்களில் இல்லை.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கும் காலத்தில், ஜீப்பின் சக்கரத்துக்கு உளியும் சுத்தியலும் போதும் என்பது ஏற்கத்தக்கதன்று. நட்டுக்குரிய ஸ்பேனரைத் தெருவுக்கு ஒன்றாவது வாங்கி வைக்கலாம்.

இரண்டு: வெள்ளத்தில் ஹப் முழுகினால், தண்ணீர் வடிந்த வாரமே பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த தேர்த்திருவிழாவுக்கு ஒத்திவைக்கக்கூடாது.

மூன்று: சத்தம் கேட்டதும் ‘இன்னும் ஓடும்’ என்கிறவரை அதே வண்டியில் பெங்களூருவரை தனியாக அனுப்பிப் பார்க்கலாம்.

நான்கு: கிரீஸ் பூசிய கையோடு நீட்டிய பாவைத் தொட்டவர், அந்தப் பாவில் நெய்யும் புடவைகள் அத்தனையையும் முழு விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளுபடி கிடையாது.