ஆண்டி கட்டிய மடம்

ஆண்டிகள் கூடி மடம் கட்டினாற்போல் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. சாவடிக் குளிரில் நடுங்கும் ஆண்டிகள், விடிந்ததும் மடம் ஒன்று கட்டியே தீருவது என்று சங்கற்பம் செய்துகொள்வதும், வாசல் கிழக்கே பார்ப்பதா தெற்கே பார்ப்பதா, அன்னதானத்தில் குழம்புக்குப் பின் ரசமா மோரா என்று நடுநிசி வரையில் தர்க்கம் செய்வதும், வெயில் ஏறியதும் திருவோட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவதும்தான் அதன் தாத்பரியம். கோடைக்கானல் நாயுடுபுரத்தில், குளிரில் எந்தச் சாவடிக்கும் சளைக்காத ஒரு வாடகை வீட்டில் வசிக்கும் நான், கூட்டாளி ஒருவருமின்றித் தன்னந்தனியாக அப்படியொரு மடத்தைக் கட்டத் தொடங்கி இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. தர்க்கம் செய்வதற்கு மட்டும் ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை.

மடம் என்று நான் சொல்வது ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் இயங்குதளத்தை. விசையைத் தட்டியதும் யந்திரம் தானாகவே விழித்து வேலை செய்வதாகப் பலரும் எண்ணியிருக்கிறார்கள்; தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அந்த மயக்கம் கிடையாது. கடிதக் கட்டுகள் வந்து குவிந்துவிட்டதனால் மட்டும் தபாலாபீஸ் நடந்துவிடாது. எந்தக் கட்டு எந்த மேஜைக்கு, யார் முன்னால் போவது, யார் காத்திருப்பது, மூட்டைக்கு இடமில்லையென்றால் யாரை வெளியே நிறுத்துவது என்றெல்லாம் தீர்மானிக்க, வெளியே பெயர் தெரியாததும் உள்ளே இல்லாமல் தீராததுமான ஒரு பிராணி வேண்டும். யந்திரத்துக்குள் அந்தப் பிராணியின் உத்தியோகத்தைப் பார்ப்பதுதான் இயங்குதளம்.

புத்திசாலிகள் அதைக் கடையில் வாங்குகிறார்கள், அல்லது இனாமாகப் பெறுகிறார்கள். ஆனால் யாரும் கேட்காமலே, யாரும் உபயோகிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும், சொந்தக் கையால் ஒன்றை எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்னும் பித்துப் பிடித்த ஜாதியார் உலகமெங்கும் இருக்கிறார்கள். 1991-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி, ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபர், தாம் செய்துகொண்டிருப்பது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வளராது என்ற தோரணையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அந்தப் பொழுதுபோக்குத்தான் லினக்ஸ் என்ற பெயரில் இன்றைக்கு எங்கள் தெருப் பூண்டு வியாபாரியின் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அஸ்திவாரமாக இருக்கிறது. நம் நாட்டிலும் சி-டாக் என்னும் அரசாங்க ஸ்தாபனத்தார் 2007-இல் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு, இந்திய பாஷைகள் பலவற்றுக்கும் இடம் கொடுத்து, 'பாஸ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். அவை கோபுரங்கள். நான் கட்ட நினைத்தது திண்ணை.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் வேலையைத் தொடங்கினேன். பழைய மாதிரி யந்திரம் விழித்ததும் முதலில் படிப்பது வட்டின் ஆரம்பத்திலுள்ள 512 பைட்டுகளை மட்டுமே. அவற்றிலும் கடைசி இரண்டில் '55', 'ஏஏ' என்ற அடையாளம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முத்திரையில்லாத தபாலை நாங்கள் நடத்தியது போலவே யந்திரமும் அதை நடத்தும். இந்த ஒரு விஷயத்தில் யந்திரமும் நானும் ஒரே இலாகா என்று கண்டு நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை. எஞ்சிய 510 பைட்டுகளில் ஒரு போஸ்ட் கார்டு விஷயத்தை அடக்கலாம். ஓர் இயங்குதளத்தை எழுப்பும் மந்திரத்தையும் அடக்கலாம். நாலு மாதம் கழித்துத் திரையில் 'ஏ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து தோன்றியபோது, அடுப்பங்கரையிலிருந்த என் மனைவியை அழைத்துக் காட்டினேன்.

"இதுக்கா நாலு மாசம்? டைப் மிஷின்ல தட்டினா உடனே விழுமே" என்றாள்.

அன்று இரவே அதற்கு 'ஆண்டி' என்று பெயர் சூட்டினேன். மாம்பழம் கிடைக்காமற்போன கோபத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணமும் தண்டுமாகப் பழனிமலைமேல் போய் நின்ற அந்தக் குழந்தையின் வைராக்கியமே என் சிருஷ்டிக்கு லட்சியமாகப்பட்டது. விசைப்பலகை ஒரு தண்டு, திரை ஒரு கோவணம், வேறொன்றும் வேண்டாம். நாளைக்கென்று எதையும் சேர்த்து வைப்பது துறவிக்கு அடாது என்பதால், வட்டில் எழுதி வைக்கும் திறமையைக்கூட அவனுக்கு நான் கற்பிக்கவில்லை. விசையை அணைத்தால் கர்மபலன் யாவும் தீர்ந்தது. மறுநாள் காலையில் மாசற்ற புதுப் பிறவி. இதை வேதாந்தம் என்றே நான் கருதியிருந்தேன். சோம்பல் என்று என் மைத்துனர் கருதினார்.

மைத்துனர் வத்தலக்குண்டிலிருந்து மாதம் ஒரு முறை மலையேறி வந்து, மவுஸ் இல்லையா, ஜன்னல் ஜன்னலாகத் திறக்காதா, இரண்டு கலராவது இருக்கக் கூடாதா என்று விசாரித்துவிட்டு, உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போவார். பேரன் லீவுக்கு வந்தால் பாம்பு விளையாட்டு கேட்பான். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். அபாயகரமான மனு எப்போதும் மிகவும் சிறிய மனுவாகவே வருகிறது.

"போஸ்ட் மாஸ்டர் அய்யா, வடுகபட்டியில அன்னன்னைக்குப் பூண்டு என்ன விலைன்னு அதுல ஒத்தை வரி காட்டினாப் போதும்" என்றார் அடுத்த வீட்டுப் பூண்டு வியாபாரி. (நான் ஒரு நாளும் போஸ்ட் மாஸ்டராக இருந்தவன் அல்லன், இந்தப் பதவி உயர்வைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் மனுவைச் சட்டென்று தள்ளவும் மனம் வரவில்லை.) ஒற்றை வரிதான். ஆனால் அந்த வரி வடுகபட்டியிலிருந்து மலையேறி வரவேண்டுமானால் வலைத்தொடர்பு வேண்டும். அதற்கு வலையட்டையை இயக்கும் புரோகிராம் வேண்டும். வருகிற துண்டுகளை வரிசைப்படுத்தி, வராததை மறுபடி கேட்டு வாங்கும் டிசிபி என்ற சம்பிரதாயம் வேண்டும். ஊர்ப்பெயரை எண்ணாக மாற்றும் விலாசப் புத்தகம் வேண்டும். இப்போதெல்லாம் எல்லாம் ரகசிய லிபியில் வருவதால் அதைப் பிரிக்கும் வித்தை வேண்டும். இத்தனையும் ஒரே சமயத்தில் நடப்பதற்கு, ஒருவனைத் தூங்கவைத்து மற்றவனை எழுப்பும் பங்கீட்டுக்காரன் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஆண்டி அதுவரை இருந்ததைப் போல் முப்பது மடங்கு பெருக்க வேண்டியிருந்தது. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், சற்றே இளைப்பாறப் பழனியருகில் இறக்கி வைத்தவன், திரும்பத் தூக்க முடியாமல் திகைத்து நிமிர்ந்தபோது, மலைமேல் நின்றவன் ஒரு சிறு பையன்தானே! மலைகளைச் சுமந்தவனுக்கு அந்தப் பையனைச் சுமக்க முடியவில்லை. பூண்டு விலையைப் பற்றி நான் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருப்பதாகவே அவருக்குச் சொல்லி வருகிறேன்.

ஊரார் மனுக்களைத் தள்ளிய எனக்கு என் சொந்த மனுவைத் தள்ளத் திராணி இல்லை. ஆண்டிக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எனக்கு ஓர் அபிலாஷை. பழனியாண்டவன் பெயரை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினால் யார் பொறுப்பார்கள்? யந்திரம் தரும் எழுத்துத் திரையில் வரிக்கு 80 எழுத்தாக 25 வரி. வழக்கமாக 256 உருவங்களுக்கு இடம். தமிழெழுத்து 247 என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். கழித்துப் பார்த்தேன்: மீதி ஒன்பது. போகர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து ஆண்டவனின் விக்கிரகத்தையே செய்தார் என்பது ஐதிகம்; எனக்கோ அந்த ஒன்பது இடத்தில் சைபர் முதலான பத்து எண்களை அடைக்க முடியவில்லை. முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் கதி என்ன? அது போகட்டும் என்றாலும், ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளிதான் அகலம். அந்த எட்டில் 'ணௌ' என்ற எழுத்தை வரைந்து பார்த்தேன். நசுங்கிய கொசுவைப் போல் இருந்தது.

யூனிகோடு வழியில் போனால் இடப் பஞ்சம் இல்லை. தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பியிருக்கிறது. மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து உயிர்மெய்யை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் கொம்பு இருக்கிறதே, அதன் அட்டகாசம் பொறுக்க முடியாதது. 'கெ' என்று எழுத, யந்திரத்துக்குள் முதலில் வருவது 'க'. கொம்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. திரையிலோ முன்னால் உட்கார்ந்திருக்கிறது! வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், வரிசையில் கடைசியாக வந்தவர் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு முன் ஸீட்டைப் பிடித்துக்கொள்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 'கொ' என்றால் இன்னும் மோசம். ஒரே ஆசாமி, துண்டு ஒரு பக்கம், தான் ஒரு பக்கம், நடுவில் பாவம் அந்த 'க' நெருங்கிக்கொண்டு. இந்தப் பஸ்ஸுக்குக் கண்டக்டர் உத்தியோகம் பார்த்ததில் ஒரு வருஷம் முழுதாகப் போயிற்று. இருந்தாலும் என் பெயரில் கொம்பு இல்லாததனால், அதை மட்டும் முதல் ஆறு மாதத்திலேயே பிழையின்றிக் காட்டிவிட்டான் ஆண்டி.

என் மனைவி கேட்டது இவை எதுவும் அல்ல. "தேதி காட்டட்டும், பால் கணக்கு வெச்சுக்கட்டும்" என்றாள். தேதி சுலபம், யந்திரத்துக்குள் சிறு பாட்டரியின் தயவில், கரண்ட் போனாலும் ஓடுகிற ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைப் படித்து, யூனிக்ஸ் வழக்கப்படி 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து விநாடி விநாடியாக எண்ணி வந்தால் போதும். கிரீன்விச்சில் நள்ளிரவு என்பது நமக்குக் காலை ஐந்தரை மணி. ஆகவே காலம் என்பதே கோடைக்கானலில் ஒரு மார்கழி விடியற்காலையில், பனிமூட்டத்துக்கு நடுவே, பால்காரர் வருகிற வேளையில் பிறந்ததாகத்தான் கணக்கு.

ஆனால் எண்ணும் பாத்திரம் சிறியது. 32 பிட்டில் எண்ணினால் 2038 ஜனவரி 19-ஆம் தேதி காலை 8 மணி 44 நிமிஷத்துக்குப் பாத்திரம் நிரம்பி, மறு விநாடி 1901 டிசம்பருக்குக் கவிழ்ந்துவிடும். வேறு ஊர்க்காரர்களுக்கு 2038 ஒரு வருஷம். எங்களுக்கோ காலத்தை அளக்க வேறு அளவுகோல் உண்டு. குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும், அதன்பின் 2042-இல். அதாவது அடுத்த பூவை ஆண்டி பார்ப்பான். அதற்கடுத்த பூவின்போது, துரைமார்களை டோலியில் வைத்து மலைமேல் தூக்கி வந்த காலத்தில் தான் இருப்பதாகச் சாதிப்பான். 1901 என்பது இங்கே சூரிய ஆராய்ச்சிக்கூடம் பார்வையிடத் தொடங்கிய வருஷம் என்பதை நினைத்துச் சற்றுச் சபலம் தட்டியதும் உண்டு. அந்தக் கூடத்தின்மேல் எனக்குப் பொறாமை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். 1904 தொடங்கி மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியன் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சந்திரனையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று சொல்ல அவர்களுக்கு ஒரு மைத்துனர் வாய்க்கவில்லை போலும்.

கடிகாரத்தை 64 பிட்டுக்கு மாற்றினேன். 29,200 கோடி வருஷத்துக்குக் கவலை இல்லை. சூரியனுக்கே இன்னும் சுமார் ஐந்நூறு கோடிதான் என்கிறார்கள்.

மற்ற மனுக்களை எப்படித் தீர்ப்பது என்று மயங்கியிருந்த சமயத்தில் டெர்ரி டேவிஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 2018-இல் காலமான அவர், கொடிய மனநோயின் உபாதைக்கு நடுவே, தனி மனிதராகப் பல வருஷம் உழைத்து டெம்பிள்ஓஎஸ் என்று ஓர் இயங்குதளத்தை முடித்தே காட்டினார். 640-க்கு 480 புள்ளி, 16 நிறம், வலைத்தொடர்பு கிடையாது. அது கடவுளின் கட்டளை என்பது அவர் நம்பிக்கை. அந்த வேலைத்திறனை எண்ணித் தலை வணங்கியபடியே மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"சாமிகிட்டக் கேக்கிறதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? பழனிக்கு பஸ் இருக்கு. பூக்கட்டிப் பாத்துட்டா ஆச்சு."

போனோம். பழனிமலையே ஆலோசனைக்குரிய ஒரு பாடம். 693 படி என்பது மூல ஏற்பாடு. யானைப்பாதை என்று ஒன்று சேர்த்தார்கள், பிறகு விஞ்சு, 2004-இல் ரோப் கார். விஞ்சுக்கும் ரோப் காருக்கும் அவ்வப்போது பராமரிப்புக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும்; படிக்கட்டு ஓய்வு கேட்டதில்லை. இந்தத் தத்துவத்தை மனைவிக்கு விளக்கிக்கொண்டே விஞ்சில் ஏறினேன். பஞ்சாமிர்தமும் அப்படித்தான்: மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் என்று ஐந்தோடு கணக்கு நேராகிவிட்டது, பேரீச்சம்பழமும் கற்கண்டும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. பெயரை மாற்றவேண்டும் என்று ஒருவரும் மனு கொடுக்கவில்லை. ருசியும் கெடவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பூ என்றால் சேர்ப்பது, சிவப்பு என்றால் விடுவது என்று பேசிக்கொண்டு, பிராகாரத்தின் ஓரமாக இரண்டு பொட்டலங்களைப் போட்டுவிட்டு, அருகில் நின்ற ஒரு குடும்பத்தாரின் குழந்தையை ஒன்றை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டோம். மொட்டைத்தலையில் சந்தனம் பூசியிருந்த அந்தப் பயல் எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தான். இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

"எல்லாம் வேணும்னு உத்தரவாயிடுச்சு" என்றாள் மனைவி.

எல்லாம் வேண்டாம் என்றுதான் எனக்குப் பட்டது. இந்த வியாக்கியான பேதத்தோடு சாயரட்சைக்குச் சந்நிதியில் போய் நின்றோம். திரை விலகியது. கிரீடமும் பட்டும் ஆபரணங்களுமாக ராஜ அலங்காரத்தில் ஜொலித்தான் ஆண்டி. மனைவி சுவாமியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் ஆழ்ந்தேன்.

திரும்பி வந்து, பால் கணக்கை மட்டுமாவது சேர்ப்பது என்று இறங்கினேன். பதினைந்தே நாளில் முடிந்தது. தேதி, தமிழில் கிழமை, எத்தனை லிட்டர், மொத்தம், எல்லாம் பாந்தமாகத் திரையில் நின்றன. யந்திரத்தை அணைக்காமலே வைத்திருந்து, கார்த்திகை மாதம் முழுவதும் அவள் சொல்லச் சொல்ல நானே தட்டி வந்தேன். கொம்புகூட ஒரு முறை பிசகவில்லை. மாதக் கடைசியில் பால்காரர் வாசலில் வந்து நின்றபோது, காற்றும் மழையுமாக இருந்தது. எங்கேயோ ஒரு யூகலிப்டஸ் மரம் கம்பியின்மேல் சாய்ந்திருக்க வேண்டும். கரண்ட் போயிற்று.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ஆண்டி விழித்துக்கொண்டான். நாள், நாழிகை, விநாடி, அணுவளவும் பிசகில்லை. பால் என்ற இடத்தில் சைபர் இருந்தது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நாட்காட்டித் தாள்களைப் புரட்டி, பென்சில் கோடுகளை எண்ணி, பால்காரரிடம் ஒரு தொகையைச் சொன்னாள். "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்தார்.