செத்த பாம்பும் சீறும்!

கே: கோவாக்சின் கொரோனா தடுப்பூசியில் இருந்தது செயலிழந்த வைரஸ்தானே? செத்த பாம்புக்கு உடம்பு ஏன் பயப்பட வேண்டும்?

ப: அவ்வளவாகப் பயப்படாதுதான். அதனால்தான் சீறுவதற்குத் தனியாக ஆள் வைத்தார்கள்! வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கவென்றே நம் வெள்ளணுக்களில் டி.எல்.ஆர். 7, 8 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. கோவாக்சினில் சேர்த்த இமிடசோகுவினோலின் வகைச் செயற்கை மூலக்கூறு அவற்றைத் தொட்டதும், ‘எதிரி வந்தாச்சு’ என்று எச்சரிக்கை பறக்கும். எதிர்ப்புப் படை திரளும். மூலக்கூறு ரத்தத்தில் கலந்து ஊர்சுற்றினால் காய்ச்சலும் வீக்கமும் எல்லை மீறலாம். எனவே அதை அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லில் ஒட்டவைத்தார்கள். அருகிலுள்ள நிணநீர் முடிச்சோடு அதன் பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும். அமெரிக்காவின் கான்சாஸில் இருக்கும் வைரோவாக்ஸ் நிறுவனம், அந்நாட்டு அரசின் நிதியுதவியோடு உருவாக்கிய, தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் துணைப்பொருள் இது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் போட்ட பணம், கோடிக்கணக்கான இந்தியர்களின் கைகளில் பலனாக இறங்கியது. அறிவியலுக்குச் செய்யும் செலவு ஒருநாளும் வீண்போகாது!