சூரியனுக்குப் பெர்மிட் கிடைத்த கதை

சிங்கப்பூருக்கு முதலில் வந்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சிங்கத்தைப் பார்த்ததாகச் சொன்ன சாங் நீல உத்தமன் என்பார் ஒருவர். 1819-இல் கப்பலிலிருந்து இறங்கிய ராஃபிள்ஸ் என்பார் இன்னொருவர். அதே ஆண்டில் அவர் பின்னாலேயே வந்த நாராயண பிள்ளை என்று நம்மவர்கள் விட்டுக்கொடுக்காமல் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்து, ஒரு காசு வாடகை கொடுக்காமல், இன்றுவரை நம் தலைக்கு மேலேயே குடியிருக்கும் ஒருவரை மட்டும் யாரும் சொல்வதில்லை. சூரியனைத்தான் சொல்கிறேன்.

மனிதர் உழைப்பாளி. இந்தத் தீவின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,580 கிலோவாட் மணி சக்தியைக் கொட்டிவிட்டுப் போகிறார். குளிர்நாடுகளுக்குக் கிடைப்பதைவிட இது ஒன்றரை மடங்கு. இத்தனை திறமை வைத்திருந்தவருக்கு ஊர் கொடுத்த வேலை என்ன? மூங்கில் கழியில் துணி காயவைப்பது, கருவாடு உலர்த்துவது, சிராங்கூன் சாலை மாடிகளில் வடகம் காயவைப்பது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு அவருடைய வேலை அனுபவம் அவ்வளவுதான்.

அதே காலத்தில் அரசாங்கம் வெளிச்சத்துக்காக எங்கெங்கோ அலைந்தது. 1824-இல் தெருவிளக்குக்குத் தேங்காய் எண்ணெய். தலைக்கு வைக்க வேண்டியதைத் தெருவுக்கு வைக்கிறார்களே என்று எந்தப் பாட்டியாவது நிச்சயம் திட்டியிருப்பார். தேங்காய் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், விளக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அடுத்து 1862-இல் காலாங் எரிவாயு ஆலை வந்தது. நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்து, 1864 மே 24-ஆம் தேதி தெருவிளக்கு ஏற்றினார்கள். ஏன் அந்தத் தேதி? அன்று விக்டோரியா மகாராணிக்குப் பிறந்த நாள். சீமையில் இருந்த அம்மாவின் பிறந்த நாளுக்குச் சிங்கப்பூரில் விளக்கு! காலாங் வட்டாரத்துக்கு ஹொக்கியன் பேசியவர்கள் நெருப்பு நகரம் என்று பெயர் வைத்தார்கள். பகலெல்லாம் மேலே இன்னொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குக் கட்டணப் பட்டியல் கிடையாதே, எப்படி மதிப்பார்கள்?

மின்சாரத்தின் முதல் காட்சி நம் சிராங்கூன் சாலைத் தேக்காவுக்குப் பக்கத்திலேயே அரங்கேறியது. தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மெக்கன்சி சாலையில், 1905-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிக்காக ஒரு மின்நிலையம் கட்டினார்கள். மறு ஆண்டில் டிராம் கம்பெனியிடம் மின்சாரம் வாங்கி நகராட்சி சில தெருக்களுக்கு விளக்கு போட்டது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தேக்காப் பக்கம் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் கொடிகட்டிப் பறந்த பூமி. வட்டாரத்தின் மலாய்ப் பெயரே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். பஃபலோ சாலை இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. ஒரு பக்கம் மாட்டுச் சக்தி, எதிர்ப்பக்கம் மின்சக்தி. இரண்டுக்கும் நடுவே மனித சக்தி ரிக்‌ஷா இழுத்துக்கொண்டு ஓடியது. கடைசியில் டிராமை மூச்சுத் திணற வைத்தது அந்த ரிக்‌ஷாதான். நஷ்டத்தில் ஓடி ஓடி, 1927-இல் டிராம் மூட்டை கட்டியது. சிங்கப்பூரின் முதல் மின்வாகனத் திட்டம் இப்படியாகக் கால்களிடம் தோற்றது.

அதே 1927-இல் துறைமுகத்தோரம் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் வந்தது. கப்பலில் வந்த நிலக்கரியை எரித்து ஊருக்கு வெளிச்சம் கொடுத்தது. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கட்டடம் இரவு விடுதியாகி ஆட்டம் போட்டது. இப்போது காற்றாடியும் தூசு உறிஞ்சியும் விற்கும் டைசன் நிறுவனத்தின் தலைமையகம். இதே டைசன்தான் 2018-இல் சிங்கப்பூரில் மின்சாரக் கார் ஆலை கட்டப்போவதாக அறிவித்து, மறு ஆண்டே காருமில்லை ஆலையுமில்லை என்று கைவிரித்தது. மின்வாகனம் என்றாலே இந்த ஊருக்கு ஏதோ திருஷ்டி.

சரி, அரசாங்கம் தொழிலுக்குக் கைகொடுத்த கதைக்கு வருவோம். 1959-இல் சுயாட்சி வந்த கையோடு முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்குச் சட்டம் வந்தது. ஆலை தொடங்கு, ஐந்தாண்டு வருமான வரி வேண்டாம் என்றார்கள். 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. ஐநா அனுப்பிய டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ் யோசனை சொன்னார். நிதியமைச்சர் கோ கெங் சுவீ, ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கக் கிளம்பினார். முதலையும் கொசுவும் இருக்கிற இடத்துக்கு முதலாளி வருவானா என்று ஊர் சிரித்தது. அதற்குக் ‘கோவின் கோமாளித்தனம்’ என்றே பெயர் வைத்தது. ஆரம்பத்தில் வந்த ஆலைகளின் பட்டியலை அன்றைய பிரதமர் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: கொசுவர்த்தி, முடிக்குத் தடவும் கிரீம், அந்துருண்டை. ஜூரோங்கில் தேவை இருந்த ஒரே பொருள் கொசுவர்த்தி என்பதால், அந்த முதலீடு தப்பில்லை.

பிறகு சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1960-களின் இறுதியில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்து, முடிவெடுத்த 50 நாளில் உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊர்ப்பக்கம் 50 நாளில் பந்தல்கால் நடுவதற்கே நல்ல நேரம் அமையாது. தீவுகளை ஒட்டவைத்து உருவான ஜூரோங் தீவு, பெட்ரோலியமும் ரசாயனமும் கொதிக்கும் பெரிய அடுப்படியாக 2000-இல் திறந்துவைக்கப்பட்டது. எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாத நாடு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பெரிய ஆள் ஆனது. அரிசி விளையாத வீட்டில் பிரியாணி வியாபாரம் மாதிரி.

சூரியன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே விடாமல் இருக்கத்தான் அதிகச் செலவு நடந்தது. குளிர்சாதனம் இல்லாவிட்டால் சிங்கப்பூரே இல்லை என்பது லீ குவான் யூவின் கட்சி. பிரதமரானதும் அரசாங்க அலுவலகங்களில் அதைப் பொருத்தச் சொன்னவர் அவர். ஆக, ஒரு நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு, வாசலில் நிற்கும் விருந்தாளியை விரட்டுவதற்கே போனது. அந்த மின்சாரமும் சொந்தச் சரக்கில்லை. நிலக்கரி போய் எண்ணெய், எண்ணெய் போய் எரிவாயு. 1992-இல் மலேசியாவிலிருந்து குழாய் வழியே வாயு, பிறகு இந்தோனேசியாவிலிருந்து, 2013-இல் ஜூரோங் தீவில் கப்பலில் வரும் வாயுவுக்கென்று தனி முனையம். இன்றைக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவில்தான் பிறக்கிறது.

2007-இல்தான் சூரியனுக்கு முதல் நேர்முகத் தேர்வு நடந்தது. தூய எரிசக்தியை வளர்ச்சித் துறையாக அறிவித்து 350 மில்லியன் வெள்ளியை அரசாங்கம் எடுத்து வைத்தது. நார்வேயின் ஆர்இசி நிறுவனம் துவாஸில் சூரியத் தகடு ஆலை கட்ட வந்தது, முதலீடு 6.3 பில்லியன் வெள்ளி வரை போகும் என்றார்கள். 2008-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சூரியசக்திக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி வருஷம் போர்வைக்குள் இருக்கும் நாட்டுக்காரன், வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும் நாட்டுக்கு வந்து, தகடு செய்து, அதை மறுபடியும் வெயில் அரிதான ஐரோப்பாவுக்கே அனுப்பினான். தகடு ஏற்றுமதிக்குக் கோலாகலத் திட்டம் போட்ட 2008-இல், சிங்கப்பூரின் சொந்தக் கூரைகளில் இருந்த சூரியசக்தி ஒரு மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடும் சமையல்காரர் வீட்டில் பழைய சோறு. அந்த ஆலை பின்னர் சீனக் கைக்குப் போய், 2021-இல் 771 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ரிலையன்ஸ் கைக்கு வந்தது. நார்வேயில் பிறந்து, துவாஸில் வளர்ந்து, அம்பானி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது.

இதற்குள் அரசாங்கம் தன் பழைய பள்ளிக்கூட முறைக்குத் திரும்பியிருந்தது. முதலில் மிட்டாய், அடுத்து மதிப்பெண் அட்டை, கடைசியில் பிரம்பு. பழைய பாய்லரையும் குளிரூட்டியையும் மாற்றும் ஆலைக்கு, செலவில் ஒரு பங்கை அரசே மானியமாகத் தரும்: இது மிட்டாய். 2008 முதல் ஐஸ்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் டிக் குறி போட்ட சிட்டை கட்டாயம்: இது மதிப்பெண். பிரம்பு 2013-இல் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டம். ஆண்டுக்கு 54 டெராஜூலுக்கு மேல் தின்னும் ஆலை, எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமித்து, என்ன சாப்பிட்டேன், எப்போது குறைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் நடக்கும் அதே விசாரணை.

அதுவும் போதாதென்று 2019-இல் கரிம வரி. தென்கிழக்காசியாவிலேயே முதலாவது. ஒரு டன்னுக்கு 5 வெள்ளி என்று ஆரம்பித்தார்கள். தே தாரிக் குடிக்கிற காசு என்று ஆலைகள் அலட்டிக்கொள்ளவில்லை. 2024-இல் அது 25 ஆனது, 2026-இல் 45. 2030-க்குள் 50 முதல் 80 வரை போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அடிக்கப் போகும் தேதியைச் சொல்லிவிட்டு அடிக்கும் வாத்தியார் உலகத்தில் இங்குதான் உண்டு. வீடுகளுக்கும் மிட்டாய் கிடைத்தது: 2024-இல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டு.

சூரியனுக்கு வேலை பெர்மிட்டும் ஒருவழியாக வந்தது. 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டம் அவரை வீவக கூரைகளில் வேலைக்கு ஏற்றியது. கூரை தீர்ந்ததும் தண்ணீரில் இறக்கினார்கள். 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 122,000 தகடுகள் மிதந்தன. 60 மெகாவாட் உச்சத் திறன். குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆலைகளுக்கு ஈடாக அந்த மின்சாரம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆளின் குணம் தெரிந்தது. இரவு ஷிப்ட் பார்க்க மாட்டார். மதியம் ஒரு மேகம் வந்தால் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, போட்டுவிடுவார். சிங்கப்பூர் வானத்தில் மேகத்துக்கா பஞ்சம்? அவர் எம்சியில் போகிற நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று ஜூரோங் தீவில் 285 மெகாவாட் மணி மின்கலத் தொகுப்பை நிறுத்திவைத்தார்கள். இத்தனை செய்தும், 2030-க்கென்று குறித்த 2 கிகாவாட் உச்சத் திறனை எட்டினாலும், நாட்டுத் தேவையில் சுமார் 3 விழுக்காடுதான் நிறையும். இடமில்லை, பாவம். 700 சொச்சம் சதுர கிலோமீட்டரில் எத்தனை கூரைதான் முளைக்கும்?

ஆகவே இந்த ஊர் தனக்கு நன்றாகத் தெரிந்ததையே செய்தது. உள்ளூரில் ஆள் போதவில்லையா, வெளிநாட்டிலிருந்து எடு. 2022-இல் லாவோஸ் ஆற்று மின்சாரம் 100 மெகாவாட் வரை தாய்லாந்து, மலேசியா வழியாக வந்து சேர்ந்தது. 2035-க்குள் 6 கிகாவாட் வரை குறைந்த கரிம மின்சாரம் இறக்குமதியாக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. மின்சாரமும் வெளிநாட்டு ஊழியர் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நின்றால் இந்த வரலாறு முழுக்கக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும். ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்தரையில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் கும்பலாகக் கதை பேசுவார்கள். வாரம் முழுக்கக் கூரையிலும் சாரத்திலும் வெயிலோடு மல்லுக்கட்டிய முதுகுகள். பெர்மிட் வாங்குவதற்குள் எவ்வளவு கடன் ஆனது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். மேற்கே சூரியனும் வேலை முடித்து இறங்கிக்கொண்டிருப்பார்.

எனக்குத் தெரிந்து, ஏஜெண்டுக்கு ஒரு காசும் கட்டாமல் இந்த ஊரில் பெர்மிட் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.