துரைமார் விட்டுப்போன பிளக்

சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டியவர்களுக்கு, சூரியன் மறைந்த பிறகு லண்டனில் விளக்கேற்றுவதுதான் பெரும்பாடு. 1918-ல் அந்த ஒரு நகரத்துக்கு மின்சாரம் வழங்க 70 நிர்வாகங்கள். 24 வித வோல்டேஜ், 10 வித ஃப்ரீக்வென்சி. நாலு தெரு தள்ளி வீடு மாறினால் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். பல்பைக் கூட்டிப் போனால் ஒன்று அழுது வடியும், இல்லை பட்டென்று உயிரை விடும். உலகத்துக்கே கடிகாரம் சரிபண்ணிக் கொடுத்த ஊர் இது!

1926-ல் சட்டம் போட்டு, நாட்டையே 50 சைக்கிள் ஃப்ரீக்வென்சிக்கு இழுக்க ஆரம்பித்தார்கள். மின்சாரம் ஒன்றாயிற்று, சுவர் ஒன்றாகவில்லை. 2 ஆம்ப், 5 ஆம்ப், 15 ஆம்ப் என்று உருண்டை முள் பிளக்குகள், அளவுக்கு ஒன்று. 1934-ல் பி.எஸ். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்) 546 என்று அதற்கு நம்பரும் ஆயிற்று.

பிறகு உலகப்போர், செம்புக்குப் பஞ்சம். கம்பியை மிச்சம் பிடிக்க, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக ஒயர் இழுத்து அதிலேயே எல்லாப் பாயிண்டும் வைக்க முடிவாயிற்று. வளையத்துக்கு 30 ஆம்ப் ஃபியூஸ். மேஜை விளக்கின் ஒயர் கருகினால்கூட அது அசைந்து கொடுக்காது. ஆகவே பிளக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஃபியூஸ். 1947-ல் இப்படிப் பிறந்ததுதான் பட்டை முள் 13 ஆம்ப். குழந்தை ஆணியைச் செருகாதபடி துளைக்குள் கதவு வேறு. பாதுகாப்பில் குறையே சொல்ல முடியாது, இருட்டில் வெறுங்காலோடு மிதிக்காதவரை.

ஆனால் எந்த வீட்டில் எந்தத் துளையோ என்று, பல சாமான்களைப் பிளக் இல்லாமலே விற்றார்கள். வாங்கியவர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார வேண்டும். பிளக் மாட்டித்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் வந்தது 1994-ல்!

அந்த 1947-லேயே துரைமார் இங்கே மூட்டை கட்டினார்கள். புதுப் பிளக் அவர்களுக்கு, பழைய உருண்டை முள் நமக்கு. நம் அரசு அதன் 5, 15 ஆம்பை 6, 16 என்று திருத்தி எழுதியும், எலக்ட்ரீஷியன் இன்னும் "அண்ணே, கீசருக்கு 15 ஆம்ப்ஸ் போட்டுரலாமா?" என்றுதான் கேட்கிறார்.

லண்டனில் அது செத்தே போயிற்று என்று நினைக்க வேண்டாம். நாடகக் கொட்டகைகளில் மேடை விளக்குக்கு இன்றும் அதே உருண்டை 15 ஆம்ப்தான். ராஜா சாகிற கட்டத்தில் புதுப் பிளக்கின் குட்டி ஃபியூஸ் முந்திக்கொண்டு செத்தால், உத்தரத்துக்கு ஏணி வைத்து ஏறி யார் மாற்றுவது?