தணிக்கைக்கு நன்றி

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருந்து நாடகம் எழுதிப் பிழைப்பவர் இடத்தைக் குறை சொல்ல முடியாது. கிட்டத்திலேயே மருதானை டவர் மண்டபம். 1911இல் திறந்தார்கள். அடுத்த வருடமே தணிக்கைக்கு வழிவிட்ட பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. எழுதுகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் இன்னும் போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

“நானா, சின்ன வேலை. இருபது நிமிஷ நாடகம். ரெண்டு சிரிப்பு, கடைசில ஒரு அழுகை. அஸருக்குள்ள அனுப்பிடுங்க.”

காசு?

“அதெல்லாம் பாத்துச் செய்வோம், நானா.”

பார்க்கிறார்கள், செய்வதுதான் இல்லை.

தயாரிப்பாளர் முதல் பக்கம் படிப்பார். நடிகர் தன் வசனத்தை மட்டும் படிப்பார். மேடையில் அதையும் மாற்றுவார். முழுப் பிரதியையும் பேனாவும் கையுமாக, எழுத்துவிடாமல் படிக்கும் ஒரே ரசிகர் தணிக்கைக்காரர்.

எழுதுகிறவர்களில் மரிக்கார் ராமதாஸ் கெட்டிக்காரர். அவருடைய வானொலி நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ படமானபோது எழுதியதோடு நிற்காமல் தானே நடித்தும்விட்டார். நமக்கு அந்தக் குரலும் இல்லை, முகமும் இல்லை. தவணைக்கு எடுத்த லேப்டொப் இருக்கிறது. நேற்று அதில் ஒரு செய்தி: “முடிவைக் கொஞ்சம் சந்தோஷமா மாத்துங்க, நானா.”

கதை நடப்பது மௌத்து வீட்டில்.