தேதிக்கு ராசி உண்டா? டிசம்பர் 11-ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தினசரிக் காலண்டரின் ஒரு தாளில் அடங்காத சங்கதி இல்லை. நடுவே கொட்டை எழுத்தில் தேதி. சுற்றிலும் நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்: லாபம், அலைச்சல், நிதானம். கிழமைக்கும் நட்சத்திரத்துக்கும் இத்தனை பலன் சொன்ன முன்னோர், ஆங்கிலத் தேதிக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையைப் பத்திரிகைகளின் ‘வரலாற்றில் இன்று’ பகுதிகள் தீர்த்துவைக்கின்றன. பிறந்தவர், இறந்தவர், போர் தொடுத்தவர், ஒப்பந்தம் போட்டவர் என எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் இத்துறைக்குத் ‘தேதியியல்’ என்று பெயர் சூட்டுகிறோம். மாதிரிக்கு டிசம்பர் 11.

2. தரவுகள்

1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். அதே நாளில், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் ஒன்று. ஒருவர் மகாகவி, மற்றவர் குவாண்டம் இயற்பியலின் தூண்களில் ஒருவர். பாரதி மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1935இல், சி. வி. ராமன் அழைத்ததன்பேரில் போர்ன் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்தார். தேதி தன் பங்காளியைத் தேடித் தென்னாட்டுக்கே வந்துவிட்டது என்பது தேதியியலின் முதல் கண்டுபிடிப்பு.

திலீப் குமார் (1922), ஓஷோ (1931), பிரணாப் முகர்ஜி (1935), விஸ்வநாதன் ஆனந்த் (1969) ஆகியோரும் இத்தேதிக்காரர்களே. எம். எஸ். சுப்புலட்சுமி 2004இல் மறைந்ததும் இதே தேதியில்தான். 1946இல் இந்தத் தேதியில் அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அன்றே ஐ.நா. யுனிசெஃபை அமைத்தது. குழந்தைகளுக்குப் பால் வார்த்த தேதி நல்ல தேதி என்று முடிவுகட்டுவதற்குள், ஐந்தாண்டுகள் முன்பு, 1941இல், ஹிட்லர் அமெரிக்காமீது போர் அறிவித்ததும் இதே தேதி என்பது குறுக்கே வந்து நிற்கிறது. 1972இல் அப்பல்லோ 17 நிலவில் இறங்கியதும் டிசம்பர் 11தான். சந்திரனுக்கே போனவர்களுக்குச் சந்திராஷ்டமம் பார்ப்பது எப்படி என்று பஞ்சாங்கம் சொல்லவில்லை.

3. நோபல் கோட்பாடு

ஆண்டுதோறும் நோபல் விழா, ஆல்ஃபிரட் நோபல் மறைந்த டிசம்பர் 10இல் நடக்கிறது. மறுநாளான டிசம்பர் 11இல் பிறந்தவர்களில் குறைந்தது ஐவருக்கு நோபல் கிடைத்திருக்கிறது: ராபர்ட் கோக், மாக்ஸ் போர்ன், நகீப் மஹ்ஃபூஸ், சோல்ஷெனிட்சின், பால் கிரீன்கார்ட். விழாவின் காற்று பட்டுப் பிறக்கும் குழந்தைக்குப் பரிசு நிச்சயம் என்பது இதிலிருந்து பெறப்படும். ஒரே ஒரு சிறு சிக்கல்: கோக் பிறந்தது 1843இல். அப்போது நோபலுக்குப் பத்து வயது. பரிசைப் பற்றிய பேச்சே இல்லை. பரிசு வருமுன்னரே பரிசுக்கு மறுநாள் பிறந்துவைத்த கோக்கின் தீர்க்கதரிசனத்தை இக்கோட்பாடு மெச்சுகிறது.

4. எதிர்வாதம்

கணக்கு வாத்தியார்கள் இதை ஏற்க மாட்டார்கள். நோபல் பெற்றவர்கள் ஆயிரம் பேரை நெருங்குகிறார்கள். 365ஆல் வகுத்தால் தேதிக்கு மூவருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சில தேதிகளில் ஐவர் சேர்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஏனென்றால் 23 பேரை 253 ஜோடிகளாகச் சேர்க்கலாம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் தேதியியலில் காக்கைகள் கோடிக்கணக்கில் உட்காருகின்றன. விழுந்த பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் காக்கைக்குப் பட்டம் கட்டுகிறோம். அன்று பிறந்து, வயல் உழுது, கடன் அடைத்துப் போன லட்சோபலட்சம் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்த வாதத்துக்கு அணுவுலகத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவரே நம் டிசம்பர் 11காரர் போர்ன் என்பதுதான் வேடிக்கை. அணுவுக்குள் நடப்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாது, நிகழ்தகவாகவே சொல்ல முடியும் என்று 1926இல் எழுதினார். அதற்கான விதியின் சரியான வடிவம் அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. கடவுள் பகடை ஆடுவதாக நம்ப மறுத்து ஐன்ஸ்டைன் கடிதம் எழுதியதும் இவருக்குத்தான். 1954 டிசம்பர் 10இல் நோபல் வாங்கினார். மறுநாள் அவருக்கு 72 வயது. அடிக்குறிப்புக்கு நோபல் கிடைத்த பின்னும் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

5. எல்லைத் தகராறு

தேதி எங்கே தொடங்குகிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. அப்பல்லோ 17 இறங்கியபோது இந்தியாவில் டிசம்பர் 12 அதிகாலை. 2012இல் சான் டியாகோவில் ரவிசங்கர் மறைந்தது அங்கே 11 மாலை; இங்கே 12 பிறந்துவிட்டது. பாரதியின் மறைவு 1921 செப்டம்பரில், நள்ளிரவு தாண்டி நேர்ந்தது. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் வழக்கப்படி அது 11. நகராட்சிப் பதிவேட்டின்படி 12. தமிழக அரசு 2021இல் செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என அறிவித்து, உதயத்தின் பக்கம் நின்றது.

ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23இல் மறைந்ததாகச் சொல்வார்கள். இங்கிலாந்து ஜூலியன் நாட்காட்டியிலும் ஸ்பெயின் கிரிகோரியன் நாட்காட்டியிலும் இருந்ததால், உண்மையில் இருவருக்கும் இடையே பத்து நாள்போல இடைவெளி உண்டு. பாரதி பிறந்தது தமிழ்க் கணக்கில் சித்திரபானு ஆண்டு, கார்த்திகை 27. அந்தக் கார்த்திகை 27 நகர்ந்து நகர்ந்து இப்போது டிசம்பர் 12 அல்லது 13இல் வருகிறது.

6. முடிவும் பரிந்துரையும்

தேதிக்கு ராசி இல்லை. தேதியைத் தேடுகிறவருக்கு ஆசை இருக்கிறது. பெரியவர்களோடு செலவில்லாமல் உறவு கொண்டாட இதைவிட எளிய வழி கிடையாது. அதனால் இத்துறை வாழும். ‘இந்தத் தேதியில் ஏதோ இருக்கிறது’ என்பவரிடம், அதற்கு அடுத்த தேதியின் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. அதுவும் இதே கனம் கனக்கும்.

இந்தப் பரிந்துரையைச் சோதிக்க டிசம்பர் 12-ஐ எடுத்திருக்க வேண்டும். அது ரஜினிகாந்த் பிறந்தநாள். அந்தத் தேதிக்கு விசேஷம் ஏதுமில்லை என்று தமிழ்நாட்டில் எழுதினால் என்ன நடக்கும் என்பது நிகழ்தகவில் வராது, நிச்சயத்தில் வரும். ஆகவே அது வேறொருவரின் முனைவர் பட்டத்துக்கு விடப்படுகிறது.