பூர்வோத்தரம் 500 ரூபாய்

மருமவனே, சேலையூர் மாடிப் போர்ஷனுக்கு ஆள் வந்திருக்காமே. அவன் பூர்வோத்தரத்தைப் போலீஸ்ல விசாரிக்கப் போறியாம். பேஷ்! அதுக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்க வேணாம். 2018-லேருந்து தமிழ்நாடு போலீஸே நெட்டுல கடை விரிச்சிருக்கு. வாடகைக்கு வர்றவன், வேலைக்கு வர்றவன், வீட்டு வேலை செய்யறவங்க, இல்லாட்டி உன்னையே, யாரை வேணாலும் விசாரிக்கலாம். தனி ஆளுக்கு 500 ரூபா, கம்பெனின்னா 1000. கேஸ் இருக்கா இல்லியான்னு தாள் வந்துரும். முந்தியெல்லாம் டீக்கடையில ஒரு டீ வாங்கிக் கொடுத்தா மூணு தலைமுறைக் கதையும் வந்துரும், ரசீதுதான் கிடைக்காது.

2012 ஞாபகம் இருக்கா? பெருங்குடியிலயும் கீழ்க்கட்டளையிலயும் பட்டப்பகல்ல பேங்க் கொள்ளை. கொள்ளைக்காரங்கன்னு சொல்லி, வேளச்சேரி வாடகை வீட்டுல இருந்த அஞ்சு பேரைப் போலீஸ் சுட்டுச்சு. அதுக்கப்புறம், குடியிருக்கவங்க விவரத்தை வீட்டுக்காரங்க ஸ்டேஷன்ல கொடுக்கணும்னு கமிஷனர் உத்தரவு போட்டாரு. அப்ப உங்கப்பன் ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சான் பாரு! "வாடகை அஞ்சாந்தேதி டாண்ணு வருது மாமா, பேரை எதுக்குக் கேட்டு வைக்கணும்?"னான்.

ஒண்ணு தெரிஞ்சுக்க. போலீஸ் ஏட்டுல ஏறினதுதான் தாள்ல வரும். மாட்டாத திருடன் அதுல பத்தரை மாத்துத் தங்கம். வரப்புத் தகராறுல எவனோ கொடுத்த புகார்ல பேர் ஏறின அப்பாவிதான் உன் கண்ணுக்குக் கேடியாத் தெரிவான். ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டுட்டு, தொட்டி வழிய வழியத் தூங்கறவனைப் பிடிக்க எந்த செக்‌ஷனும் கிடையாது.

சரி, குடிவர்றவன் உன்னை விசாரிக்கணும்னா? வீட்டுக்காரருக்குன்னு அந்த போலீஸ் நெட்டுல தனிக் கட்டமே இல்லியேப்பா! இருந்தா உன் பூர்வோத்தரமும் வெளிய வந்துரும். வேற மாதிரி பேசி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு 2017 வாடகைச் சட்டம் சொல்லுது. நீ பத்து மாசம்னு பேசி எழுதி வாங்கற சாமர்த்தியசாலி. போன குடித்தனக்காரன் காலி பண்ணப்போ, ஆணி அடிச்ச ஓட்டைக்கெல்லாம் பெயிண்ட் செலவு எழுதினியே, அந்தக் கணக்கு எந்த ஏட்டுல இருக்கு?

போ, 500-ஐக் கட்டு. அதை அவன் மெயின்டனன்ஸ்ல மட்டும் சேத்துராதே. சேப்பேன்னு தெரியும், சும்மா சொல்லி வச்சேன்.